டெக்சாஸின் வெள்ளையர் முதனிலைத் தேர்தல்: வேட்பாளர் தேர்வும் வாக்குரிமையும் (1923–1953)

கட்சிகள் தம் வேட்பாளர்களை வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுப்பதே மக்களாட்சிக்கு உகந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவ்வாறு வாக்களிக்கத் தகுதியுடையோர் யாவர் என வரையறுக்கும் அதிகாரம் கட்சிக்கே உரியதா என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வரலாறு இவ்வினாவை ஆராயத் தக்க களமாகும்.

தலைவர்கள் சிலர் கூடி வேட்பாளரை முடிவுசெய்த வழக்கத்திற்கு மாற்றாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதனிலைத் தேர்தல் முறை அமெரிக்க மாநிலங்களில் பரவியது. தெற்கில் ஜனநாயகக் கட்சிக்கு எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க வலிமையுடையது எதுவும் இல்லை. எனவே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பதவிக்கு வந்தார். 1923இல் டெக்சாஸ் சட்டமன்றம் இத்தேர்தலில் கருப்பினத்தவர் வாக்களிப்பதைத் தடைசெய்தது. பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களிப்பதற்கு அச்சட்டத்தில் தடையில்லை. ஆனால் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

1927இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. சட்டமன்றம் உடனே, உறுப்பினர் தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவுக்கு வழங்கியது. 1932இல் அதுவும் வீழ்ந்தது. பின்னர் கட்சியின் மாநில மாநாடே தடைத் தீர்மானம் நிறைவேற்றியது. கட்சி ஒரு தன்னார்வச் சங்கம், அதன் செயல் அரசின் செயலன்று என்ற வாதத்தை 1935இல் நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. சட்டத்தால் செய்ய முடியாததைத் தீர்மானம் செய்து முடித்தது.

1944இல் 'ஸ்மித் எதிர் ஆல்ரைட்' வழக்கில், 8 நீதிபதிகள் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டனர். முதனிலைத் தேர்தலை மாநிலச் சட்டம் நெறிப்படுத்துவதால், அதை நடத்தும் கட்சி அரசின் கருவியாகிறது என்பது அவர்களின் முடிவு. மாறுபட்ட ஒரே நீதிபதியான ராபர்ட்ஸ், 1935ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர். தீர்ப்புகள் ஒருநாள் மட்டும் செல்லும் இரயில் பயணச்சீட்டைப் போலாகிவிடும் என்று அவர் கடிந்துகொண்டார்.

ஆயினும் தடை மற்றொரு வடிவில் நீடித்தது. ஃபோர்ட் பென்ட் மாவட்டத்தில் 1889இல் தொடங்கப்பட்ட ஜேபேர்ட் சங்கம், முதனிலைத் தேர்தலுக்கும் முன்னதாக, வெள்ளையருக்கு மட்டுமான வாக்கெடுப்பை நடத்திவந்தது. அதில் அரசுப் பணமோ மாநிலச் சட்டமோ இல்லை. தான் கட்சியே அன்று என்றும் சங்கம் வாதிட்டது. அதில் வென்றவர்களே பெரும்பாலும் போட்டியின்றிப் பதவியேற்றனர். 1953இல் நீதிமன்றம் இதையும் 15ஆம் அரசமைப்புத் திருத்தத்திற்கு முரணானதென்றது. ஆனால் அதற்கான காரணத்தில் நீதிபதிகளிடையே பெரும்பான்மைக் கருத்து உருவாகவில்லை.

சங்க உரிமை வாதம் முற்றிலும் பொய்யானதன்று. 2000இல், கலிபோர்னியாவில் பிற கட்சியினரும் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம் என்ற ஏற்பாட்டை அதே நீதிமன்றம் கட்சிகளின் கூடிச்செயல்படும் உரிமைக்கு எதிரானதெனத் தள்ளியது. டெக்சாஸ் தீர்ப்புகள் இனவிலக்கைப் பற்றியவை, அவை இதற்குப் பொருந்தா என்று அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது.