தொப்புள்கொடிக் குருதி தந்த வாழ்வு

1916-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் குனுட் கிராபே ஒரு கொடிய நோயை விளக்கி எழுதினார். பிறந்தபோது நலமாயிருந்த குழந்தைகள் சில திங்களில் ஓயாது அழுதன, உடல் விறைத்தன, பெரும்பாலும் ஈராண்டு நிறையுமுன் மாண்டன.

காரணம் 1970-இல்தான் புலப்பட்டது. நரம்பிழையைப் போர்த்தியுள்ள மயலின் உறையின் கொழுப்பைச் சிதைக்கும் நொதியொன்று இக்குழந்தைகளிடம் இல்லை. அதனால் நஞ்சு தேங்கி, உறையை நெய்யும் உயிரணுக்களையே கொல்கிறது. தாய் தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவை மறைவாகச் சுமந்தால்தான் நோய் பிள்ளைக்கு வரும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய தமிழர் இதனைக் கருதாதிருத்தல் இயலாது.

மருந்துக்கான வழியோ வேறொரு நோயின் ஆய்விலிருந்து பிறந்தது. 1968-இல் எலிசபெத் நியூஃபெல்டு, வெவ்வேறு நொதிக் குறைபாடுடைய இரு நோயாளரின் உயிரணுக்களை ஒரே கலத்தில் வளர்த்தார். வியப்பு! இரண்டும் குறை நீங்கின. தன்பால் இல்லாததை ஒன்று மற்றொன்றிடம் இரவல் பெற்றது. அவ்வாறாயின் நலமுள்ளவரின் குருத்தணுக்களை நோயாளியின் உடலில் குடியேற்றினால் என்ன? 1980-இல் இலண்டனில் ஹாப்ஸ் குழுவினர் ஹர்லர் நோயுற்ற சிறுவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும், கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-இலும் மஜ்ஜை மாற்றுப் பணி தொடங்கிற்று. அவை பிற நோய்களுக்காகச் செய்யப்பட்டவை.

பொருந்தும் மஜ்ஜை எளிதிற் கிட்டுவதன்று. 1988-இல் பாரிசில் எலியான் குளுக்மன், குப்பையில் எறியப்பட்டு வந்த தொப்புள்கொடிக் குருதியைப் பயன்படுத்தி வழி திறந்தார். அக்குருதியின் குருத்தணுக்களிலிருந்து தோன்றும் சில உயிரணுக்கள் மூளையை அடைந்து நொதியைச் சுரக்கின்றன. ஆனால் அதற்குப் பல திங்கள் பிடிக்கும், நோய் காத்திராது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கிற்று. அறிகுறி தோன்றுமுன் சிகிச்சை பெற்ற 11 சிசுக்களும் அப்போது உயிரோடிருந்தனர். அறிகுறி கண்டபின் பெற்ற 14 பேரில் அறுவரே எஞ்சினர். பிழைத்தவர் பலருக்கும் பின்னர் நடப்பதில் இடர்ப்பாடு உண்டாயிற்று. முழு மீட்சியென இதனைக் கூறுதல் மிகை. 2006-இல் நியூயார்க் மாநிலம், பிறந்த குழந்தைகளின் குதிகாற் குருதியில் இந்நோயைத் தேடத் தொடங்கியது. மலேசிய மருத்துவமனைகளிலோ ஜி6பிடி குறைபாட்டையும் தைராய்டு குறைபாட்டையும் அறியச் சோதிக்கப்படுவது அதே தொப்புள்கொடிக் குருதிதான்.