துண்டும் தகரச்சீட்டும் கடவுச்சீட்டும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பெற்றபோது, இராமேசுவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே ஒரு விரைவுவண்டியும் தொடங்கி வைக்கப்பெற்றது. நம் ஊர் நிலையத்திற்கு இவ்வழி புதிதன்று. ‘போட் மெயில்’ எனப்பட்ட பழைய வண்டி எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரம் வழியாகவே தெற்கு நோக்கிச் சென்றது. அது முதலில் தூத்துக்குடி வரை ஓடிற்று. அங்கிருந்து கப்பல் கொழும்புக்குச் சென்றது. 1914இல் பழைய பாம்பன் பாலம் அமைந்த பின் வழி தனுஷ்கோடிக்கு மாறியது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை இரயிலும், தலைமன்னார் வரை நீராவிக் கப்பலும், அதற்கப்பால் கொழும்பு வரை மீண்டும் இரயிலும் அடங்கின.

அப்பயணிக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதனை எழுப்பத் தூண்டியது இக்காலத்து வழக்கு ஒன்று. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கிய நாள்முதல், “கப்பலில் போகப் பாஸ்போர்ட் வேண்டுமா?” என்னும் கேள்வி நம் புறநகர்க் குடும்பங்களில் பலகாலும் கேட்கப்படுகின்றது. விடை எளிது. கப்பல் இந்தியத் துறைகளை மட்டும் தொடுமாயின் ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாளச் சான்று போதும். 2023 ஜூனில் தொடங்கிய இலங்கைப் பயணம்போல் அயல்நாட்டுத் துறையைத் தொடுமாயின் கடவுச்சீட்டு இன்றியமையாதது. தொலைவு இங்கே பொருட்டன்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அந்தமானுக்கு இந்தியர் கடவுச்சீட்டின்றிச் செல்லலாம். நாகையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டரே உள்ள காங்கேசன்துறைக்கு அவ்வாறு செல்லலாகாது. இலட்சத்தீவு நம் நாட்டின் பகுதியே ஆயினும் அங்குச் செல்ல வேறொரு நுழைவு அனுமதி வேண்டும்! கடல் ஒன்றே, தாள்தான் வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு எப்போது, யார் பொருட்டு வந்தது என்று நோக்குவது பயனுடையது.

பயணத்திற்கு முத்திரை கேட்கும் வழக்கம் பழமையானதே. அருத்தசாத்திரம் முத்திரைச் சீட்டு வழங்கும் தலைவன் ஒருவனைக் குறிக்கின்றது; சீட்டுக்கு ஒரு மாசகம் கட்டணம், சீட்டின்றிச் செல்வோர்க்குப் பன்னிரு பணம் தண்டம். நம் பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டப் பொதிகளின்மேல் புலிச்சின்னம் பொறித்தமையைக் கூறுகின்றது. ஆண்டு முத்திரை பெற்றது பண்டம். அதனைக் கொண்டுவந்த மனிதன் பெற்றதாக அப்பாட்டில் குறிப்பில்லை.

இன்று நாம் அறியும் கடவுச்சீட்டு முதல் உலகப் போரின் குழந்தை. ஒற்றர் அச்சத்தால் போர்க்காலத்தில் வந்த கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920இல் பாரிசு நகரில் உலக நாட்டுச் சங்கம் கூட்டிய மாநாடு 32 பக்கச் சிறு நூல் வடிவை வகுத்தது. அதே ஆண்டில் இந்தியாவினுள் நுழைவோர்க்கான கடவுச்சீட்டுச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் இலங்கைக்கும் தமிழகத்திற்கும் இடையே அது ஒரு தடையாக நிற்கவில்லை. இரு கரையும் ஒரே பேரரசின்கீழ் இருந்தன. வணிகரும் வழக்கறிஞரும் நாடகக் குழுவினரும் கடவுச்சீட்டின்றியே தனுஷ்கோடியில் கப்பல் ஏறினர். 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கழகம் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோதும் அவர் பயணிகளுக்கு வேண்டியிருந்தது பயணச்சீட்டே.

இவ்விடத்தில் நம் வரலாற்று நூல்கள் பலவும் நின்றுவிடுகின்றன. ‘அக்காலத்தில் கடல் திறந்திருந்தது’ என்று பெருமூச்சு விடுவது எளிது. யாருக்குத் திறந்திருந்தது? அதே கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்து நின்ற தோட்டத் தொழிலாளரின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த ‘தகரச்சீட்டு’ முறை அது. வில்லையில் பொறிக்கப்பட்டவை தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும். அதனைக் காட்டினால் இரயிலிலும் கப்பலிலும் காசின்றி ஏறலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பெற்று, முடிவில் தொழிலாளியின் கடனாக அவன் தலைமேல் ஏறும். பெயர் வேண்டப்படவில்லை. புகாரின் புலிச்சின்னம் பொதிமேல் விழுந்தது போலவே இவ்வெண்ணும் விழுந்தது எனலாம்.

தோட்டத்தை அடைந்த பின் மற்றொரு தாள் காத்திருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. தொழிலாளி வேறு தோட்டத்திற்கு மாற விரும்பினால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சிறு சீட்டு அது. துண்டின்றி வந்தவரை அடுத்த தோட்டம் ஏற்காது. கடன் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு மாறும். கடனோடு ஆளும் மாறுவர். நாம் தோளில் இடுவதற்கும் தாளில் கிழிப்பதற்கும் வழங்கும் இவ்வெளிய தமிழ்ச் சொல், ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளின் பதிவேடுகளில் அப்படியே புகுந்தது; ‘கங்காணி’யும் அவ்வாறே புகுந்தது. தமிழ் பிறமொழிகளுக்கு அளித்த கொடைச் சொற்களைப் பட்டியலிடும் நம்மனோர் இவ்விரண்டையும் சேர்த்தல் வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மையும் வாந்திபேதியும் தீவுக்குள் புகாவண்ணம் தொழிலாளர் அங்கே சில நாள் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, உடல் ஆராயப்பெற்ற பின்னரே அனுப்பப்பட்டனர். கடவுச்சீட்டு இல்லாத காலம் சோதனை இல்லாத காலமன்று என்பதை மண்டபம் காட்டுகின்றது.

மகளிரோடு கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. உரையாசிரியர் காலம்முதல் இன்றைய தேர்வுத்தாள் வரை அந்நூற்பா ஓயாமல் விளக்கப்படுகின்றது. ஆயின் தேயிலைக் கொழுந்து கிள்ளப் பெண்களின் விரல்களே வேண்டும் என்று தோட்டம் விதித்த நாளில், மகளிர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தனர். அதனை விளக்கிய உரை யாது? ‘துன்பக்கேணி’யில் புதுமைப்பித்தன் மருதியை இலங்கைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்கின்றார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டி, மேடைகளில் பாடி, நூலாகவும் வெளியிட்டார். நம் பாடத்திட்டங்களில் அவர் பெயரை நான் கண்டதில்லை.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவ்வாண்டே இயற்றப்பெற்ற குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் கடவுச்சீட்டும் அனுமதியும் கட்டாயமாயின. கோடியக்கரைப் பக்கமிருந்து தோணியில் யாழ்ப்பாணக் கரைக்குச் செல்லுதல் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அது ஒரு சட்டத்தால் குற்றமாயிற்று. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல்லாட்சி பரவியது. பின்னர் அது எந்தத் தோணியிலும் ஏறியறியாத, மலையிலேயே பிறந்து வளர்ந்த தமிழரை இழிக்கும் வசையாகவும் ஆயிற்று. ஒரு தாளின் இன்மையிலிருந்து ஒரு மக்கட் கூட்டத்திற்குப் பெயர் பிறந்த வரலாறு இது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. 1974இல் அவ்வெச்சமும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. எண்கள் எவ்வளவு வட்டமாக அமைந்துள்ளன என்பதைக் காண்க. அம்மக்களின் விருப்பம் அறிந்து வகுத்த எண்கள் இவ்வாறு அமையா. உடன்பாடு எழுதி எட்டு வாரங்கள் ஆகுமுன் டிசம்பர் 22, 23 நாள்களின் புயல் தனுஷ்கோடியை அழித்தது. வரவேண்டியோர் இராமேசுவரத்தில் இறக்கப்பட்டனர். இராமானுஜம் என்னும் கப்பல் அவர்களைக் கொணர்ந்தது. மண்டபம் முகாம் இம்முறை எதிர்த்திசையில் வந்தவர்களைத் தங்கவைத்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. நம்மிடையே அது வெளியே செல்வதற்கு உரிமை தரும் தாள். 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையின் கூறு என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்த பின்னரே, அவ்வாண்டு ஜூனில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அதுவரை அது அரசின் அருட்கொடையாகவே கருதப்பட்டது. கண்டியிலும் அட்டனிலும் அதே தாளைப் பெற்றவர்க்கோ அது பிறந்த மண்ணைவிட்டு நீங்குக என்னும் ஆணையாக அமைந்தது. ஒரே நிற அட்டை, ஒரே அரசுச் சின்னம், பொருள் மட்டும் வேறு.

1984இல் இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் நின்றது. அப்போது இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்பட இயலாது ஏறத்தாழ 84,000 பேர் இலங்கையில் தங்கிவிட்டனர். முன்னோர் தாளின்றிக் கப்பல் கண்டனர்; இவர்கள் தாள் பெற்றுக் கப்பல் காணாதவர். அவர்தம் பிள்ளைகள் எந்நாட்டாரும் அல்லாதவராக வளர்ந்தனர். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய 35ஆம் எண் சட்டம், இத்தகையோரும் உறுதிமொழி அளித்து இலங்கைக் குடியுரிமை பெற வழிசெய்தது. அதற்குள் 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் விடப்பட்டது. அதில் ஏற நம் பகுதியினர் தாம்பரத்துக் கடவுச்சீட்டுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் நகருக்குள் சென்று கால்கடுக்க நின்றதை நினைந்தால் இது பெரிய வசதியே.

நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க பணி ஒன்றை இங்கே முன்வைக்க விரும்புகின்றேன். இராமேசுவரத்தில் இறங்கிய தாயகம் திரும்பியோருள் அந்நாளில் இளையராயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்தது போலக் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து மூத்தோரிடம் உள்ள கப்பற் பாடல்களையும் மண்டபம் முகாம் நினைவுகளையும், கடவுச்சீட்டு, குடும்ப அட்டைகளின் படிகளையும் தொகுத்தல் வேண்டும். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கினால் முதற்கட்டம் முடியும். ஒலிப்பதிவும் படியெடுத்தலும் அறிந்த மாணவியர் உடன்வரக்கூடும்.