ஒரு வார இடைவெளி: 1966 அக்டோபர்

1966 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரங்கில், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். அவரது முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இன்றளவும் பேசப்படும் நிகழ்ச்சி அதுவே. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 30 அன்று, பம்பாய் சிவாஜி பூங்காவில் சிவசேனையின் முதல் பெரும் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அவ்வாண்டு ஜூன் 19இல் தோன்றிய அவ்வமைப்பின் தொடக்ககால முழக்கங்கள் தென்னிந்தியருக்கு எதிரானவை. எழுத்தர் பணிகளையும் தட்டச்சு வேலைகளையும் 'மதராசிகள்' பறித்துக்கொண்டனர் என்பது குற்றச்சாட்டு. மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழ்ந்த நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களை நோக்கியே அது எழுந்தது.

இவ்விரு நிகழ்வுகளுள் ஒன்றை இசை வரலாறு எழுதுகிறது. மற்றதை அரசியல் வரலாறு எழுதுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது ஒரு பாடலின் மெட்டு.

சுப்புலட்சுமி மேலைநாட்டு மேடைக்கு அப்போது புதியவரல்லர். 1963ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில், ஹேர்வுட் பிரபு இயக்குநராக இருந்தபோது, ரவிசங்கர், அலி அக்பர் கான், பாலசரஸ்வதி ஆகியோரும் பங்கேற்ற இந்திய நிகழ்ச்சிகளில் அவரும் பாடியிருந்தார். அங்கே அவர் பலருள் ஒருவர். அமெரிக்காவிலோ அவர் பெயரே நிகழ்ச்சி. குழுவிலிருந்து தனித்து வரும் கொரியப் பாடகர் ஒருவரின் முதல் அயல்நாட்டுப் பயணத்துக்கு இன்றைய ரசிகர் அளிக்கும் பொருளும் இதுதான். 2023 ஏப்ரலில் பி.டி.எஸ். குழுவின் சுகா தம் முதல் தனிப்பயணத்தை நியூயார்க்கை ஒட்டிய பெல்மாண்ட் பார்க்கில் தொடங்கியபோது அது கொண்டாடப்பட்ட விதம் நினைவிருக்கலாம். ஆயினும் 'தனி' என்னும் சொல் இரண்டிடத்தும் ஐயத்துக்குரியது. ஐ.நா. மேடையில் இணைந்து பாடியவர் ராதா, வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் விக்கு விநாயகராம். அழைப்பு கைகூட உதவியவர் ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்டின் அலுவலகத் தலைவராயிருந்த சி.வி. நரசிம்மன். எதை, எந்த வரிசையில் பாடுவது என்பதில் கணவர் சதாசிவத்தின் சொல்லே பெரும்பாலும் இறுதியானது. கொரிய நிறுவனங்கள் இன்று பெரும் பணியாளர் படையை வைத்துச் செய்வதை அவர் ஒருவரே செய்தார் எனலாம்.

உலக அவைக்கென்றே இரு பாடல்கள் ஆக்கப்பட்டன. ஒன்று ஆங்கிலம், மன்னிப்பையும் அமைதியையும் வேண்டும் அப்பாடலை எழுதியவர் ராஜாஜி. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி 1962இல் வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்து வந்தவர் அவர் என்பதை மறந்துவிட்டால் அப்பாடல் வெறும் சம்பிரதாய வாழ்த்தாகத் தோன்றும். அதற்கு இசையமைத்தவர் சென்னை வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பேற்றிருந்த ஹாண்டல் மானுவேல். மற்றொன்று 'மைத்ரீம் பஜத'. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இயற்றிய வடமொழிப் பாடல். பாடியவரையும் இயற்றியவரையும் அறியாத தமிழ் ரசிகர் அரிது. மெட்டமைத்தவர் பெயர் மட்டும் பெரும்பாலோர் நாவில் வருவதில்லை.

அவர் வசந்த் தேசாய். கொங்கணத்துச் சாவந்த்வாடிப் பகுதியைச் சேர்ந்த மராத்தியர். பிரபாத் நிறுவனத்தில் தொழில் பயின்று, வி. சாந்தாராமின் 'ஜனக் ஜனக் பாயல் பாஜே' (1955), 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' (1957) ஆகிய படங்களுக்கு இசையமைத்த பம்பாய்த் திரையுலகக் கலைஞர். ஆக, மடத்தின் தூய மரபெனக் கருதப்படும் பாடல் மராத்தியர் ஒருவரின் மெட்டில், மதுரைப் பெண்ணொருவரின் குரலில் நியூயார்க்கில் ஒலித்த அதே மாதத்தில்தான், மராத்தியர்க்கும் தமிழர்க்கும் இடையே கோடு கிழிக்கும் கூட்டம் சிவாஜி பூங்காவில் திரண்டது. தேசாயின் பெயர் நம் நினைவிலிருந்து நழுவியதற்கு அரசியல் காரணம் கற்பிக்கத் தேவையில்லை. திரையிசைக் கலைஞரைச் சபை மரபு தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் பழைய வழக்கமே போதுமான விளக்கம். ஆனால் அந்த மறதியால் மும்பைத் தமிழர் இழந்தது அதிகம். தமக்கும் அந்நகருக்கும் இடையே கைவசமிருந்த ஒரு சான்றை அவர்கள் எடுத்துக்காட்டவே இல்லை.

தமிழ் எழுத்தில் அச்சாகும் கீர்த்தனை நூல்கள் பலவற்றில் இப்பாடலின் 'பஜத' என்னும் சொல் 'ப4ஜத' என்று காணப்படும். நான்கு வடமொழி ஒலிகளுக்குத் தமிழில் ஒரே பகரம் இருப்பதால் எண்ணிட்டு வேறுபடுத்தும் முறை அது. எண்ணைக் கவனியாமல் படித்தால் வேண்டாத ஒலி வந்துவிடும் என்பது பாட்டாசிரியர்களின் நிரந்தரக் கவலை. திலக் நகரில் இன்று இப்பாடலைக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த எண் தேவைப்படுவதில்லை. பள்ளியில் மராத்தி படிப்பதால், அவர்கள் அதைத் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.