நீர்ப்பிரமியும் வலிப்பு நோயும்

நீர்ப்பிரமி, வயல் வரப்பிலும் குளக்கரைச் சேற்றிலும் தரையோடு படரும் சிறு செடி; தாவரவியலில் பகோப்பா மொன்னியேரி. இலை சதைப்பற்றுள்ளது, மென்றால் கசக்கும்; பூ வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். வலிப்பு நோயை ஆயுர்வேதம் அபஸ்மாரம் என்கிறது. பழைய நெய்யில் பிரமிச் சாறு, வசம்பு, கோஷ்டம், சங்கபுஷ்பி சேர்த்துக் காய்ச்சும் பிரமி நெய்யை அதற்கு மருந்தாகச் சரக சம்ஹிதை கூறுகிறது.

செடியின் வேதியியல், லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் துலங்கத் தொடங்கியது. அங்கே பிரித்தெடுக்கப்பட்ட பகோசைடுகள் என்ற சப்போனின்களே பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சி. எஸ். பவுலோஸ் குழுவினர், பைலோகார்பைன் செலுத்தி எலிகளுக்கு வலிப்பு நோயை உண்டாக்கினர். மூளையின் மிகைக் கிளர்ச்சியை அடக்கும் காபா ஏற்பிகள் அந்த எலிகளிடம் குறைந்திருந்தன. பிரமிச் சாறோ பகோசைடு-ஏயோ கொடுத்தபோது அந்த ஏற்பிகள் இயல்பு நிலையை நோக்கித் திரும்பின.

இதைவிடப் பயன்தரக்கூடியது, டெல்லி ஜாமியா ஹம்தர்த் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட முடிவு. வலிப்புக்கான பழைய மருந்தான பெனிடாயின் நினைவாற்றலை மங்கச் செய்யும். சுண்டெலிகளில் இந்த மங்கலைப் பிரமி குறைத்தது. வலிப்பைத் தடுக்கும் பெனிடாயினின் ஆற்றலோ குறையவில்லை. மாத்திரைக்கு மாற்றாக அல்லாமல் துணையாக இச்செடியை ஆராய்வதே சரியான வழி என்று இது காட்டுகிறது. ஆனால் பிரமி மனிதர்களுக்கு வலிப்பை நிறுத்தும் என்று பெரிய மருத்துவச் சோதனை எதுவும் இதுவரை நிறுவவில்லை.

மூலிகையை மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்வது ஆபத்து. பெனிடாயினால் வலிப்பு கட்டுக்குள் இருந்த இரு நோயாளிகள் சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தைச் சாப்பிட்டபோது வலிப்பு மீண்டும் வந்ததை 1992இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. எலிகளில் சோதித்தபோது, தொடர்ந்து கொடுத்த அந்த மருந்து இரத்தத்தில் பெனிடாயின் அளவைக் குறைத்தது. செடியை அடையாளம் காண்பதிலும் சிக்கல் உண்டு: சங்கபுஷ்பி என்ற பெயரில் விஷ்ணுகிராந்தியும் வரும், வேலியில் படரும் நீலச் சங்குப்பூவும் வரும், பிரமி என்று கேட்டால் சில ஊர்களில் வல்லாரை கிடைக்கும்.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற வேதிப்பொருள் அந்தச் சங்கபுஷ்பி மருந்துக்கு நேர்மாறு. பெனிடாயின் அளவை அது உயர்த்துகிறது. அளவு மிகுந்தால் நடை தள்ளாடும், கண்விழிகள் நிலைகொள்ளாமல் அசையும். மிளகும் திப்பிலியும் அடங்கிய திரிகடுகம் சேரும் சூரணம், லேகியம் எதையும் வலிப்பு மாத்திரை எடுப்பவர் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.