யாருடைய ஓய்வு?

லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து பாத் நகரத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒருநாள் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வீட்டில் இருப்பவர்களுக்கான சாப்பாட்டை முந்தைய இரவே சமைத்து, டப்பாக்களில் அடைத்து, எதை எப்போது சூடாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். ஓய்வுக்குப் போவதற்கே கூடுதல் வேலை. அந்த அலுப்போடு போனதால்தானோ என்னவோ, அந்த ஊரில் பார்த்த இடத்திலெல்லாம் ஒரே கேள்வி எழுந்தது. இங்கே ஓய்வெடுத்தது யார்? அந்த ஓய்வுக்காக உழைத்தது யார்?

குளியல் என்பதே இந்த ஊரின் பெயர். சுமார் 46 டிகிரி செல்சியஸ் சூட்டில், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் அதிகமான வெந்நீர் இங்கே தரைக்கடியிலிருந்து பொங்கி வருகிறது. இந்த ஊற்றின் தெய்வம் சூலிஸ் என்ற பெண். கி.பி. முதல் நூற்றாண்டில் வந்த ரோமானியர்கள் அவளைத் தங்கள் மினர்வாவோடு இணைத்துக் கோயிலும் குளியல் மண்டபங்களும் கட்டினார்கள். மக்கள் தங்கள் முறையீடுகளை மெல்லிய ஈயத் தகடுகளில் கீறி ஊற்றுக்குள் போட்டார்கள். அப்படிக் கிடைத்தவை ஏறக்குறைய 130. பல தகடுகள் திருட்டைப் பற்றியவை. குளிக்கும்போது போன மேலங்கி, காணாமல் போன காசு. திருடியது ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, தண்டனை கொடு என்று வேண்டுகிறார்கள். ரோமானியக் குளியலிடங்களில் எஜமானர் நீரில் கிடக்கும்போது துணிக்குக் காவல் இருப்பது அடிமையின் வேலை. அந்தக் காவலுக்கு ஆள் இல்லாதவர்களுக்குத்தான் சூலிஸ் துணை போலும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வசதி படைத்தவர்கள் நோய்க்கு மருந்தாக இந்த நீரைக் குடிக்கவும், நடனத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் மாப்பிள்ளை தேடவும் இங்கே வந்து குவிந்தார்கள். ஊரெங்கும் இன்று ஜேன் ஆஸ்டினின் பெயர்தான். ஆனால் அவர் பாத்துக்கு வந்தது தன் விருப்பத்தால் அல்ல. ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்த அப்பா பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்காலத்தை பாத்தில் கழிக்கலாம் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். திருமணமாகாத மகள்கள் இருவரும், ஜேனும் கசாண்ட்ராவும், கூடவே வந்தாக வேண்டும். ஜேனின் பியானோ விற்கப்பட்டது. அப்பாவின் நூலகமும் போயிற்று. 1801 முதல் 1806 வரை இங்கே இருந்தார். தொடங்கிய ஒரு நாவலைப் பாதியில் விட்டார். 1805இல் அப்பா இறந்ததும் அம்மாவும் மகள்களும் சகோதரர்கள் தரும் பணத்தை நம்பி வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது ஓய்வு. மகளுக்குப் போனது எழுதும் மேசை இருந்த வீடு.

நியூ கிங் தெருவில் 19ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தது இங்கேதான். அவர் தங்கை கரோலின் ஹனோவரில் பிறந்தவர். அம்மாவுக்கு அவர் வீட்டு வேலைக்கு வேண்டும். மகளை அனுப்பினால் வேலைக்கு யார்? 1772இல் வில்லியம் தங்கையை அழைத்து வந்தபோது, அவருக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு மகளின் உழைப்புக்கு அந்தக் குடும்பத்தில் விலை குறிக்கப்பட்டது அவர் வெளியேறியபோதுதான்.

பாத்தில் கரோலின் வீட்டை நடத்தினார், ஓய்வுக்கு வந்த சீமான்களின் முன் கச்சேரிகளில் பாடினார், அண்ணனின் தொலைநோக்கி வேலைக்கும் கைகொடுத்தார். அண்ணன் ஒருமுறை 16 மணி நேரம் கையெடுக்காமல் கண்ணாடியைத் தேய்த்தபோது, தான் வாயில் உணவை ஊட்டிக்கொண்டிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். பிறகு 1786இல் தன் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டார். மறு ஆண்டு அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் தந்தார். அப்போது அவருக்கு வயது 37.

மாலையில் நகரத்தை ஒட்டிய பாத்ஈஸ்டன் கிராமத்துக்குப் போனேன். அங்குள்ள ஈகிள் ஹவுஸ், இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி பிளாத்வேட்டின் வீடு. அவர் மனைவி எமிலியும் மகள் மேரியும் பெண்கள் வாக்குரிமைக்காக நின்றவர்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் நொந்து வெளியே வந்த போராளிகள் இங்கே வந்து தங்கி உடல் தேறினார்கள். 1909 முதல் 1911 வரை ஆளுக்கொரு மரம் நட்டார்கள். எமலின் பாங்க்ஹர்ஸ்ட் நட்டார். பத்து வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போன ஆனி கென்னியும் நட்டார். பெண்களுக்கும் ஓய்வு வேண்டும், அது அடுத்த போராட்டத்துக்குத் தெம்பு என்று பெண்களே முடிவு செய்து உருவாக்கிய இடம் அது. ஆனால் அந்த வீட்டிலும் யாரோ சமைத்தார்கள், படுக்கை விரித்தார்கள். மரங்களோடு சேர்ந்து நினைவில் நின்றவை விருந்தாளிகளின் பெயர்கள்தான்.

1960களில் குடியிருப்புகள் கட்டுவதற்காகத் தோப்பை அழித்துவிட்டார்கள். ரோஸ் லாமார்டின் யேட்ஸ் 1909இல் நட்ட ஆஸ்திரியப் பைன் மரம் ஒன்றுதான் மிச்சம்.

இரவு வீடு திரும்பியபோது நான் அடைத்துவைத்த டப்பாக்கள் காலியாகி, கழுவும் தொட்டியில் கிடந்தன. அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். அடுத்த முறை சமைத்து வைக்காமலே கிளம்ப வேண்டும். அதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிடவும் வேண்டும்.