சுருதியை இறக்கியவர்கள்

நான் சேர்த்து வைத்திருக்கும் டூம் மெட்டல், ஸ்லட்ஜ் இசைத்தட்டுகளைப் பார்ப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "திருவண்ணாமலையில உட்கார்ந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்குப்பா?" என்பது முதல் கேள்வி. ஒன்றைப் போட்டுக் காட்டியதும் அடுத்தது வரும்: "ஏன் இவ்வளவு மெதுவா வாசிக்கிறாங்க?" இரண்டாவதற்குப் பதில் தேடிப் போனால் முதலாவதற்கும் பதில் கிடைக்கிறது. அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இவை.

டூம் என்பது ஹெவி மெட்டலின் மிக மெதுவான கிளை. கிதாரின் சுருதி கீழே இறங்கியிருக்கும். ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வரும். அதில் பங்க் இசையின் கரகரப்பும் கோபமும் கலந்தால் ஸ்லட்ஜ்.

ஆரம்பம் இங்கிலாந்தின் பர்மிங்காமில். 1965இல் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரம் அவனது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவன் இடது கைக்காரன். ஆகவே கிதார் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

அப்போது தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இடது கை முடங்கி, இரண்டு விரல்களை வைத்தே கிதார் வாசித்தவர் அவர். அதைக் கேட்டபின் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறக்கினார். கம்பியின் இறுக்கம் தளர்ந்தது, விரலுக்குச் சிரமம் குறைந்தது, ஒலி கனத்தது. கைக்காகச் செய்த மாற்றம் காதுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டது.

சுருதியை இறக்கி இசையின் போக்கையே மாற்றுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. கார்த்திகை தீபத் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும் நாயனத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் இருந்தது திமிரி: குட்டையானது, உச்ச சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியும்தான் நீளமான, சுருதி குறைந்த பாரி நாயனத்துக்கு வழி செய்தவர்கள். சுருதி இறங்கியதும் ராகத்தை நிதானமாக விரிக்க இடம் கிடைத்தது. ராஜரத்தினத்தின் தோடி மணிக்கணக்கில் ஓடும் என்பார்கள். ஆனால் 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது மூன்று நிமிடச் சொச்சம்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெதுவான இசைக்கும் தட்டின் அளவுக்கும் எப்போதுமே இழுபறி. 1984இல் அமெரிக்க பங்க் குழுவான பிளாக் ஃபிளாக் 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் மூன்றே மூன்று மெதுவான பாட்டுக்குக் கொடுத்தது. வேகத்துக்காகவே வந்த ரசிகர்கள் பலர் கடுப்பானார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஸ்லட்ஜ் கிளைத்தது. 1987இல் மெல்வின்ஸின் முதல் ஆல்பம் வந்தது, 1988இல் நியூ ஆர்லியன்ஸில் ஐஹேட்காட் உருவானது. 90களில் ஸ்லீப் குழு ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டைப் பதிவு செய்தபோது கம்பெனி வெளியிட மறுத்துவிட்டது. முறையான வெளியீடு 1999இல் ஒரு வடிவம், 2003இல் இன்னொரு வடிவம் என்று வந்தது. எல்பி தட்டில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம்தான். நடுநடுவே எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும்.

இந்த அலை நம் பக்கம் வந்து சேர்ந்தது பெங்களூரில். செங்கம், கிருஷ்ணகிரி வழியாக இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் அரண்மனை மைதானத்தில் வாசித்ததை எல்லோரும் பேசுவார்கள். அதன்பின் சத்தமில்லாமல் நடந்தது எனக்கு முக்கியம். கன்னட வசவு ஒன்றையே பெயராகத் திரித்து வைத்துக்கொண்ட பேவர் ஸீ குழுவின் முதல் ஆல்பம் 2012இல் வந்தது. அடுத்த வருடம் ஜின் அண்ட் மிஸ்கடானிக். 2015இல் ஷெப்பர்டின் ஸ்லட்ஜ் ஆல்பம். சினிமா இல்லை, ரேடியோ இல்லை. கச்சேரி நடக்கும் இடத்தில் மேஜை போட்டு சிடியும் டி-ஷர்ட்டும் விற்பது, இணையத்தில் விற்பது, அவ்வளவுதான்.

இந்த வகை வெளியீடுகள் உலகம் முழுக்கவே சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுபவை. யார் வாசித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள், எந்த வருடம் என்பதெல்லாம் உள்ளே வைத்த ஒரு தாளில் இருக்கும். வினைல் என்றால் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறிய எண் எந்த அச்சு என்று சொல்லும். தாள் தொலைந்தால் அந்த வரலாறும் போச்சு. இணையத்தில் கிடைக்கும் கோப்பில் பாட்டு இருக்கும், இந்த விவரங்கள் பல நேரம் இருக்காது.

அரக்குத் தட்டுகளுக்கும் இதே கதைதான். கீழே விழுந்தால் உடையும், வீடு மாறினால் காணாமல் போகும். பழைய நாதஸ்வரத்தை இன்று நாம் கேட்க முடிவதில் சென்னை வி.ஏ.கே.ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்களின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் வாங்கி அடுக்கியபோதும் யாராவது "எதுக்குப்பா?" என்று கேட்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டோ, கேசட்டோ, உள்ளூர்க் குழுவின் சிடியோ இருந்தால் காயலான் கடைக்குப் போடும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அட்டை, லேபிள், உள்தாள் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தூக்கிப் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.