வெப்ப நாள்களில் குழந்தையின் உறக்கம்: தொட்டிலில் கவனம் தேவை

சிங்கப்பூரில் 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. 1983ல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். இத்தகைய நாள்களில் வீவக வீடுகளில் இரவிலும் புழுக்கம் நீடிக்கும். பச்சிளங்குழந்தைகளால் பெரியவர்களைப்போல் உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள இயலாது. அதிகச் சூடு, உறக்கத்தில் திடீரென நேரும் குழந்தை மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டக்கூடியது.

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் சேலைத் தொட்டிலோ சாரோங் தொட்டிலோ உண்டு. துணி குழந்தையைச் சுற்றி மூடுவதால் காற்றோட்டம் குறையும். உடல் வளைந்து, தாடை மார்பில் படிந்தால் மூச்சுப்பாதையும் அடைபடலாம். எனவே, தாலாட்டித் தூங்கவைத்த பிறகு குழந்தையை உறுதியான, சமமான படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை:

- மெல்லிய பருத்திச் சட்டை போதும். வீட்டுக்குள் தொப்பி, தலையணை, கனத்த போர்வை வேண்டாம்.

- மின்விசிறியோ குளிர்சாதனமோ பயன்படுத்தலாம். காற்று நேராக முகத்தில் படக்கூடாது.

- கைகால்கள் சில்லென்றிருப்பது இயல்பு. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடையைக் குறையுங்கள்.

- தேக்காவுக்குச் செல்லும்போது வெயிலுக்காகத் தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீர்கள். உள்ளே சூடு தேங்கும்.

- ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தராமல், அடிக்கடி பால் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரியை எட்டினாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். லிட்டில் இந்தியாவுக்கு அருகே, புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் சிறார் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.